அடுப்பை எங்கே வைப்பது?
நீராவி டிராம் பணிமனை முதல் கோல் மார்க்கெட் வரை

தில்லியின் கோல் மார்க்கெட்டுக்கு அதன் வடிவமே பெயராயிற்று. ‘கோல்’ என்றால் வட்டம். பன்னிரண்டு பக்கங்களைக் கொண்டு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வட்டமாகவே தோன்றும் அந்த அங்காடி 1921ஆம் ஆண்டு எழுந்தது. அதைச் சுற்றி அரசு அலுவலக எழுத்தர்களுக்கான குடியிருப்புகள் அமைந்தன. தென்னாட்டிலிருந்து வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்பகுதியில் வேரூன்றின. அருகிலுள்ள மந்திர் மார்க்கில் இன்றும் இயங்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி அந்த வரலாற்றுக்குச் சான்று.

அதே 1921ஆம் ஆண்டில்தான் பழைய தில்லியின் டிராம் வண்டிகள் தம் உச்சத்தை எட்டின. 24 வண்டிகள், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தண்டவாளம். ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், சாவ்ரி பஜார், சதர் பஜார் எனச் சுற்றிவந்த அந்த வண்டிகள் பகார்கஞ்ச் வரைக்கும் வந்தன. பகார்கஞ்சிலிருந்து கோல் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆயினும் அந்தச் சிறு தொலைவைத் தண்டவாளம் கடக்கவே இல்லை.

நகரங்களில் எந்த வண்டி ஓடும், எது வரைக்கும் ஓடும், எப்போது நின்றுபோகும் என்பவற்றைப் பயணிகள் தெருவில் நின்று பார்க்கிறார்கள். ஆனால், அவற்றுக்கான கணக்கு பெரும்பாலும் தெருவில் எழுதப்படுவதில்லை. வண்டி இரவில் சென்று அடங்கும் பணிமனையில் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கின் நடுவே ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: வண்டியை இழுக்கும் ஆற்றலுக்கான அடுப்பை எங்கே வைப்பது? இக்கேள்வியை முதன்முதலில் கூர்மையாக எழுப்பியவை நீராவி டிராம்கள். ஆகவே அவற்றின் பணிமனையிலிருந்தே தொடங்குவோம்.

கொள்ளும் புல்லும்

டிராமின் கதை நெருப்பில் தொடங்கவில்லை. கொள்ளிலும் புல்லிலும் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று கல்கத்தாவில் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை ஓடியது. இழுத்தவை குதிரைகள். நான்கு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான அந்தப் பாதை, போதிய பயணிகள் இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 1880-இல் கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி இலண்டனில் பதிவு செய்யப்பட்டது; வைஸ்ராய் ரிப்பன் பிரபு புதிய பாதையைத் தொடங்கிவைத்தார். இம்முறை வண்டி நிலைத்தது.

இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. கரடுமுரடான தெருவில் ஒரு குதிரை இழுக்கும் சுமையைப் போலப் பல மடங்கை அதே குதிரை தண்டவாளத்தின்மேல் இழுக்கும். டிராமின் ஆதாயம் முழுவதும் இந்த ஒரு உண்மையில் அடங்கியிருந்தது. ஆனால், குதிரை உயிருள்ள பிராணி. நாளொன்றுக்குச் சில மணி நேரமே அதனால் உழைக்க முடியும். வண்டி காலை முதல் இரவு வரை ஓட வேண்டுமானால் மாற்றுக் குதிரைகள் இலாயத்தில் காத்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கல்கத்தா கம்பெனியிடம் 166 வண்டிகளும் ஏறத்தாழ 1,000 குதிரைகளும் இருந்தன. வண்டிக்கு ஆறு குதிரைகள் என்ற கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை தின்றன, வங்காளத்துக் கோடையில் நோயுற்றன, மடிந்தன. இலாயமே அந்தக் காலத்துப் பணிமனை. தீவனச் செலவே கம்பெனியின் பெருஞ்செலவு.

தெருவுக்கு வந்த கொதிகலன்

இந்தச் செலவிலிருந்து விடுபடும் ஆசைதான் நீராவியை அழைத்துவந்தது. 1882-இல் கல்கத்தாவில் டிராம் வண்டிகளை இழுக்க நீராவி எஞ்சின்கள் பரிசோதனையாகப் பூட்டப்பட்டன. ஓய்வு நாளில் எஞ்சின் எதையும் தின்னாது. வெயிலில் சுருண்டு விழாது. ஏட்டளவில் ஆதாயம் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால், நீராவி டிராம் எஞ்சின் சாதாரண இரயில் எஞ்சினின் சிறு வடிவம் அன்று. இரயிலுக்கென்று தனி நிலம் உண்டு. டிராமோ குதிரையும் மாட்டு வண்டியும் குழந்தைகளும் நடமாடும் தெருவின் நடுவே போக வேண்டும். பிரிட்டனில் இவ்வகை எஞ்சின்களுக்குக் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. புகையோ நீராவியோ கண்ணில் படக் கூடாது. சக்கரங்களும் உந்துதண்டுகளும் வெளியே தெரியாதபடி மூடியிருக்க வேண்டும். ஓசை மிகக் கூடாது. ஆகவே எஞ்சினை ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். தரை வரைக்கும் தகடுகள் தொங்கின. புகையைக் குறைக்க நிலக்கரிக்கு மாற்றாக கோக் எனப்படும் சுட்ட நிலக்கரியை எரித்தார்கள். வெளியேறும் நீராவியைக் குளிரவைத்து நீராக்குவதற்காக மேற்கூரையில் குழாய்களை வரிசையாக அமைத்தார்கள். பார்ப்பதற்கு அது எஞ்சினாகத் தோன்றாது. ஜன்னல் வைத்த சிறு வண்டியாகவே தோன்றும்.

தெருவில் மறைக்கப்பட்ட அத்தனை பாடும் பணிமனையில் வெளிப்பட்டது. கிழக்கு வெளுக்கும் முன்பே அங்கே நெருப்பு மூட்ட வேண்டும். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் போதிய அழுத்தம் ஏறச் சில மணி நேரம் ஆகும். முதல் வண்டியில் ஏறும் பயணிக்காக நள்ளிரவு கடந்ததும் ஒருவர் கண்விழித்து அடுப்பின் முன் நின்றிருப்பார். எரிபொருள் மேடை, நீர்த்தொட்டி, சாம்பல் குழி, எஞ்சினின் அடிப்பாகத்தைப் பார்வையிட ஒரு பள்ளம், பழுது பார்க்கும் கொட்டகை என நீராவி டிராம் பணிமனை ஒரு சிற்றாலையாகவே இருந்தது. நீரிலுள்ள உப்புகள் கொதிகலனின் உட்புறத்தில் படிந்துகொண்டே இருக்கும். குறித்த நாளுக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, ஆறவைத்து, உட்புறத்தைக் கழுவ வேண்டும். அந்த நாள்களில் அது பயணிகளை ஏற்றாது, காசும் ஈட்டாது. குதிரைக்கு மாற்றுக் குதிரை தேவைப்பட்டதைப் போலவே எஞ்சினுக்கும் மாற்று எஞ்சின் தேவைப்பட்டது. குதிரைக்கெனப் போட்ட இலேசான தண்டவாளமோ எஞ்சினின் எடையைத் தாங்காமல் தேய்ந்தது.

கல்கத்தாவின் கணக்கு எப்படி முடிந்தது என்பதை ஒரே எண் காட்டுகிறது. நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கம்பெனியிடம் இருந்த நீராவி எஞ்சின்கள் ஏழு. அருகே ஆயிரம் குதிரைகள்.

மூன்று துறைமுகங்கள்

கல்கத்தாவுக்கு மட்டும் உரிய அனுபவமன்று இது. கராச்சியில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் ஸ்ட்ராச்சன் முன்வைத்த திட்டத்தின்படி 1885-இல் டிராம் நீராவியுடனேயே தொடங்கியது. துறைமுகமான கியாமாரியையும் சதர் பகுதியையும் அது இணைத்தது. ஓராண்டு கழிவதற்குள் எஞ்சின்களின் இரைச்சல் பொறுக்க முடியாததாயிற்று. 1886-இல் நீராவியை அகற்றிவிட்டுக் குதிரைகளைப் பூட்டினார்கள். முன்னேற்றம் என்பது எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்று எண்ணுவோருக்குக் கராச்சி ஒரு பாடம். தெருவாசிகளின் பொறுமையும் கணக்கேட்டில் ஒரு பத்திதான். அது தீர்ந்துவிட்டால் இயந்திரம் எவ்வளவு வலியதாயினும் பயனில்லை.

சிங்கப்பூரில் 1886-இல் நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியை அது நகரத்துடன் இணைத்தது. அங்கே அதற்குப் போட்டியாக நின்றது மற்றோர் இயந்திரமன்று. 1880-இல் அந்நகருக்கு வந்து சேர்ந்த கைரிக்‌ஷா. ரிக்‌ஷாவுக்குக் கொதிகலன் இல்லை, தண்டவாளம் இல்லை, பணிமனையும் இல்லை. வாசலுக்கே வந்து ஏற்றிச்செல்லும். மனித உழைப்பு அவ்வளவு மலிவாகக் கிடைத்த ஊரில் நீராவி தோற்றது. 1894-இல் சிங்கப்பூரின் நீராவி டிராம் நின்றுபோயிற்று.

மூன்றாவது துறைமுகம் வேறு கதை சொல்கிறது. அன்று காலனியாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் தலைநகர் சிட்னியில் 1879-இல் பன்னாட்டுப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு வரும் கூட்டத்தை ஏற்றிச்செல்வதற்கென்றே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து நீராவி டிராம் எஞ்சின்களைத் தருவித்தார்கள். பொருட்காட்சியோடு முடிய வேண்டிய ஏற்பாடு அது. ஆனால், மக்கள் அதை விடவில்லை. பாதைகள் பெருகின, 1890களின் இறுதியில் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கும் வரை அந்நகரின் பெரும்பாலான பாதைகளை நீராவியே இயக்கியது. நிலக்கரிச் சுரங்கங்கள் அருகிலேயே இருந்தன, கூலியோ அதிகம். ஒரே இயந்திரம் ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றதற்கு அந்தந்த ஊரின் எரிபொருள் விலையும் கூலி விலையுமே பெருங்காரணங்கள் என்று நாம் கருதுகிறோம்.

அடுப்பைப் பணிமனையிலேயே விட்டுவந்த வண்டி

இவற்றையெல்லாம்விட நம்மை வியக்கவைப்பது ஜாவாத் தீவின் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. டச்சுக்காரர்கள் 1880களில் அங்கே ஓட்டிய டிராம் எஞ்சினில் நெருப்பே இல்லை. ஆனாலும் அது நீராவியால்தான் ஓடியது.

அதன் சூத்திரம் எளிது. பெரிய கொதிகலன்கள் பணிமனையில் நிலையாக நின்று எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினில் நன்கு மூடிய ஒரு பெரிய கலன்; அதன் பெரும்பகுதியில் சுடுநீர். பணிமனைக் கொதிகலனிலிருந்து உயர் அழுத்த நீராவியை அதற்குள் செலுத்துவார்கள். பிறகு எஞ்சின் புறப்பட்டுவிடும். ஓட ஓட அழுத்தம் குறையும். அழுத்தம் குறையக் குறைய அந்தச் சுடுநீரே மேலும் ஆவியாகி வண்டியைத் தள்ளும். ஆற்றல் தீரும் தறுவாயில் பணிமனைக்குத் திரும்பி மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும். புகையில்லை, தீப்பொறியில்லை. ஆனால், நிரப்பிய அளவுக்கு மேல் ஓர் அடியும் ஓடாது. கூட்டம் மிகுந்தாலோ வழியில் தாமதமானாலோ வண்டி நடுவழியில் திணறும். இத்தனை குறைகளோடும் அது 1933 வரை நீடித்தது.

பத்தாவியாவின் பணிமனையில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருந்தது. ஆற்றலை உண்டாக்கும் இடமும் செலவிடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடுப்பு தெருவில் அலைய வேண்டியதில்லை. ஓரிடத்தில் நிலையாக இருந்தால் ஒரே நெருப்பு பல வண்டிகளுக்கு உதவும்.

கம்பி வழியே வந்த ஆற்றல்

அந்த உண்மையை முழுமையாக்கியது மின்சாரம். நீராவியைக் கலனில் நிரப்பிச் சுமப்பதற்கு மாறாக, மின்நிலையத்தில் நீராவியால் மின்னாக்கியைச் சுழற்றிக் கம்பி வழியே ஆற்றலை அனுப்பிவிடலாம். இதில் நம் சென்னைக்கு முதலிடம் உண்டு. 1895 மே 7 அன்று சென்னையில் ஓடியதே இந்தியாவின் முதல் மின்சார டிராம். அப்போது இலண்டன் தெருக்களில்கூட அது வழக்கத்துக்கு வரவில்லை. தொடக்கத்தில் மின்கம்பியைத் தெருவுக்கு அடியில் ஒரு குழாய்ப் பள்ளத்தில் பதித்திருந்தார்கள். மழைக்காலத்து வெள்ளம் அந்தப் பள்ளத்தில் புகுந்தது. பிறகுதான் கம்பி தலைக்கு மேலே சென்றது.

கல்கத்தா 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. ஆயிரம் குதிரைகளுக்கும் ஏழு நீராவி எஞ்சின்களுக்கும் ஒருசேர விடை கொடுக்கப்பட்டது. பணிமனையின் முகமே மாறிற்று. கரிமேடை இல்லை, சாம்பல் குழி இல்லை, வைகறையில் நெருப்பு மூட்டுவோரும் இல்லை. விசையைத் திருகினால் வண்டி புறப்படும்.

தில்லி இந்தப் பாதையின் முடிவிலிருந்தே தொடங்கியது. 1905-இல் ஜான் ஃபிளெமிங் நிறுவனத்துக்கு மின் உற்பத்திக்கான அனுமதி வழங்கப்பட்டது. 1908 மார்ச் 6 அன்று டிராம் ஓடத் தொடங்கியது. 1911-இல் நீராவியால் இயங்கும் மின்நிலையம் சேர்ந்தது. குதிரைக்கும் தெருவோர நீராவிக்கும் பிற ஊர்கள் கொடுத்த விலையைத் தில்லி கொடுக்க நேரவில்லை. சாந்தினி சௌக்கின் கடைக்காரரும் சப்ஜி மண்டியின் சுமைக்கூலியும் ஒரே வண்டியில் ஏறினார்கள்.

கல் வந்தது, டிராம் வரவில்லை

அதே 1911 டிசம்பரில் தில்லி தலைநகராகும் என்ற அறிவிப்பு வந்தது. புதிய நகரை எழுப்பக் கல்லும் மணலும் ஆள்களும் வந்து குவிய வேண்டியிருந்தது. அதற்காகவே ‘இம்பீரியல் தில்லி இரயில்வே’ என்ற பாதை போடப்பட்டது. இன்றைய கன்னாட் பிளேஸைச் சுற்றிச் சென்ற அந்தப் பாதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்டுமானப் பொருள்களையும் தொழிலாளரையும் சுமந்தது. நகரம் 1931 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. கட்டுமானத்துக்கு வந்த தண்டவாளம் கட்டுமானத்தோடு மறைந்தது.

ஆக, புதுதில்லியின் தெருக்களுக்குத் தண்டவாளம் புதிதன்று. கல்லுக்காக அது வந்தது, கட்டியவருக்காக வந்தது. குடியேறியவருக்காக மட்டும் தங்கவில்லை. அகன்ற சாலைகள், விரிந்த தோட்டங்களுக்கு நடுவே தனித்தனி மாளிகைகள் என அமைந்த நகரில் டிராமுக்கு வேண்டிய நெருக்கமான கூட்டம் எங்கும் சேராது. மோட்டார் வைத்திருந்தவர்க்கு அது குறையாகப் படவில்லை. கோல் மார்க்கெட்டின் எழுத்தருக்கோ அலுவலகம் செல்ல மிதிவண்டி, குதிரை பூட்டிய டாங்கா, பேருந்து, இல்லையேல் நடை. 1948-இல் குவாலியர் அண்ட் நார்தர்ன் இந்தியா டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடமிருந்து தில்லியின் பேருந்துகளை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய தில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் வேர் அது.

மீண்டும் தெருவில் நெருப்பு

இந்திய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிராமைக் கைவிட்டன. சென்னையில் 1953 ஏப்ரலிலும், தில்லியில் 1963-இலும், பம்பாயில் 1964-இலும் வண்டிகள் நின்றன. தண்டவாளத்தைப் புதுப்பிக்கப் பெரும் முதலீடு வேண்டும். பேருந்துக்குச் சாலை போதும். அன்றைய ஏட்டில் பேருந்தே மலிவு.

ஆனால், ஏட்டில் வராத ஒரு செலவு இருந்தது. ஒவ்வொரு பேருந்தும் தன் அடுப்பைத் தன்னோடு சுமந்து வந்தது. கராச்சி மக்கள் ஓராண்டில் விரட்டிய நெருப்பு, டீசல் எஞ்சினாகத் தெருவுக்குத் திரும்பியது. அதற்கான விலையைத் தில்லிவாசிகளின் நுரையீரல் கொடுத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் நகரப் பேருந்துகளை அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி.க்கு மாற்ற ஆணையிட்டது; 2002-இன் இறுதியில் அந்த மாற்றம் நிறைவேறியது. அதே டிசம்பரில் தில்லி மெட்ரோவின் முதல் பகுதி ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை திறக்கப்பட்டது. தீஸ் ஹசாரி, பழைய டிராம் தொட்டுச்சென்ற இடங்களுள் ஒன்று. 2005 டிசம்பர் 31 அன்று ஆர்.கே. ஆசிரம் மார்க் நிலையம் பயணிகளை ஏற்றது. 1921-இல் பகார்கஞ்சோடு நின்ற தண்டவாளம், 84 ஆண்டுகள் கழித்துக் கோல் மார்க்கெட்டுக்கு நடைதொலைவில் வந்து சேர்ந்தது.

2022-இல் தில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. பணிமனையில் மின்னேற்றம் செய்துகொண்டு புறப்பட்டு, ஆற்றல் தீருமுன் திரும்பி வந்து மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வண்டி அது. பத்தாவியாவின் நெருப்பில்லா எஞ்சினை அறிந்தவருக்கு இது பழகிய முகம்.

எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. தெருவிலிருந்து அகற்றிய அடுப்பு அணைந்துவிடுவதில்லை. வேறு யாருடைய வீட்டருகிலோ எரிகிறது. தில்லிக்கு மின்சாரம் தந்த பதர்பூர் அனல் மின்நிலையத்தின் புகை அதைச் சூழ்ந்து வாழ்ந்தோர்மேல்தான் படிந்தது. 2018 அக்டோபரில் அது மூடப்பட்டது. 2019 முதல் தில்லி மெட்ரோவின் மின்தேவையில் ஒரு பகுதி மத்தியப் பிரதேசத்தின் ரீவா சூரிய மின்பூங்காவிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியைப் பொறுத்தவரையேனும், அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முதன்முறையாக வேறொரு விடை கிடைத்திருக்கிறது: அடுப்பே வேண்டாம்.

புதிய வாகனம் வாங்கக் கடன் கேட்டு வருபவர் விலையை முதலில் கேட்பது இயல்பு. அதனுடன் எரிபொருள், பழுது, வண்டி ஓடாமல் நிற்கும் நாள்கள் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பவரே முழுக் கணக்கை அறிவார். நகரங்களுக்கும் அதுவே விதி. மலிவென்று தோன்றிய பேருந்தின் முழு விலை தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. எடுத்துப்போட்ட தண்டவாளத்தை மீண்டும் இடப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஆயிற்று. விடியுமுன் எழுந்து கொதிகலனின் முன் நின்ற அந்தப் பணிமனைத் தொழிலாளருக்கு இந்தக் கணக்கு அன்றே தெரிந்திருக்கும். எரியும் கரி ஒவ்வொன்றையும் கையால் அள்ளிப் போட்டவர் அவர்தானே.